பாய்க்கு அடியில் ஒரு சொல்

அத்தியாயம் 9

"விடியற்காலையில கையில விளக்கோட யாராவது வேலியோரம் நிப்பாங்களா, ஃபிலிப்போ?"

வேனைச் சாலையில் திருப்பியபடியே ஃபிலிப்போ யோசித்தான்.

"எங்க மாமியார் நிப்பாங்க. மாப்பிள்ளை எப்ப வீடு வந்து சேர்றான்னு பாக்க."

லாங்கி சிரிக்கவில்லை. போலீஸ் வேலையை உதறிவிட்டு வக்கீல்களுக்காகத் துப்பறியத் தொடங்கிய நாளிலிருந்து அவள் சிரிப்பதே குறைந்துவிட்டது. ஃபிலிப்போ அவளுக்கு டிரைவர், எடுபிடி, சில சமயம் மூளை. ரக்பி ஆடியதில் அவனுடைய முழங்கால் போயிற்று. வாய் மட்டும் பழுதில்லாமல் இருந்தது.

"தெருவிளக்கு எரியற இடத்துல, விடியப் போற நேரத்துல, ஒரு பொம்பள ஏன் விளக்க எடுத்துட்டு வரணும்?" என்றாள் லாங்கி, மடியில் கிடந்த தானியேலுவின் வாக்குமூலத்தை விரலால் தட்டியபடி. "தானியேலு சொல்றான் பாரு. 'பக்கத்து வீட்டு அம்மா கையில் வெளிச்சத்தோடு வேலியோரம் நின்று எல்லாவற்றையும் பார்த்தார்.' அது விளக்கில்லடா. போன். வீடியோ எடுத்திருக்காங்க."

ஃபிலிப்போ விசிலடித்தான். "இத முதல் நாளே கண்டுபிடிச்சிருந்தா எவ்வளவு பெட்ரோல் மிச்சமாயிருக்கும் அக்கா."

"வாய மூடிட்டு ஓட்டு."

திங்கட்கிழமை விசா மீளாய்வு மன்றத்தில் விசாரணை. இன்று சனி. சமோவாத் தீவிலிருந்து லோகன் வட்டாரத்துக்குக் குடியேறியவர்கள் எல்லோருக்கும் தெரிந்த வழக்கு அது. ஔகுசோ இந்த ஊருக்கு வந்து பாதி ஆயுள் ஆகிறது. விசாவில்தான் இருந்தார், குடியுரிமை வாங்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. இப்போது அந்த விசாவை மறுத்துவிட்டார்கள். காரணம், நன்னடத்தை. ஜெயிலுக்குப் போனதில்லை, அபராதம் கட்டியதில்லை. ஆனாலும் நன்னடத்தைச் சோதனையில் தேறவில்லை என்று எழுதி அனுப்பி, மனிதரைத் தடுப்பு மையத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள்.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு மழைநாள். பாட்டுப் பயிற்சி முடிந்து சர்ச்சிலிருந்து நடந்து வந்த பெரியவர் சிமியை ஒரு கார் அடித்துப் போட்டுவிட்டது. அவர் அங்கேயே இறந்தார். கார் ஔகுசோவுடையது. போலீஸ் கேட்டபோது அவர் சொன்னது ஒரே வார்த்தை: "கார் என்னுது. மேல பேச மாட்டேன்." யார் ஓட்டினார் என்று நிரூபிக்க முடியவில்லை. வழக்கு அப்படியே கிடந்துவிட்டது.

மறுநாள் விடிவதற்குள் ஔகுசோ சிமியின் வீட்டு வாசலில் போய், தலைமேல் பாயைப் போர்த்திக்கொண்டு குனிந்து உட்கார்ந்தார்.

சமோவாக்காரன் எவனுக்கும் அதற்கு அர்த்தம் தெரியும். ஒரு வீட்டாள் இன்னொரு வீட்டுக்குக் கேடு செய்துவிட்டால், கேடு செய்த வீட்டின் தலைவர் போய் அப்படி உட்கார வேண்டும். அவர்கள் வந்து பாயை எடுத்தால் மன்னிப்பு, பகை அத்தோடு சரி. எடுக்காவிட்டால் அந்தப் பாயே கோடித் துணி. முக்கியமான விஷயம், உட்காருகிறவர் குற்றவாளி இல்லை. குற்றவாளிக்காகத் தலை குனிகிறவர். அன்றைக்குச் சிமியின் மனைவி செஃபினா வந்து பாயை எடுத்தாள்.

இப்போது அவள் மகன் தானியேலு, 'என் அப்பாவைக் கொன்றது தாம்தான் என்று ஔகுசோ என் வீட்டு வாசலில் மண்டியிட்டு ஒப்புக்கொண்டார்' என்று குடியேற்ற இலாகாவுக்கு எழுதிவிட்டான். இலாகா அதை நம்பிவிட்டது. மண்டியிட்டவன்தானே குற்றவாளி, வேறு யார் போய் மண்டியிடுவார்கள்?

லாங்கி ஒரு வாரமாக ஔகுசோவின் குடும்பத்தைச் சல்லடை போட்டுச் சலித்துவிட்டாள். மருமகன், அண்ணன் பிள்ளைகள், ஒன்றுவிட்ட தம்பிகள் எவனும் அன்று அந்தக் காரைத் தொடவில்லை. அப்படியானால் யாருக்காகக் குனிந்தார்? தடுப்பு மையத்தில் போய்க் கேட்டதற்கு, "பாய எடுத்துட்டாங்கம்மா. முடிஞ்சு போச்சு. நீ சாப்பிட்டியா?" என்றார்.

அவர் மனைவி மாலியாவுக்குப் பக்கவாதம். தினமும் காலையில் அவளைத் தூக்கி உட்கார வைத்து, முகம் துடைத்து, ஊட்டிவிட்டுத்தான் அவர் வேலைக்குப் போவார். இப்போது அக்கம்பக்கத்தார் முறை போட்டுக்கொண்டு பார்க்கிறார்கள். திங்கட்கிழமை தோற்றால் அவரைச் சமோவாவுக்கு விமானம் ஏற்றிவிடுவார்கள். மாலியாவை விமானம் ஏற்ற எந்த டாக்டரும் சம்மதிக்க மாட்டார். இருவரும் அதற்குப் பிறகு ஒருவரையொருவர் பார்க்க முடியாது. அவ்வளவுதான் வழக்கு.

டோரீன் என்ற அந்தப் பக்கத்து வீட்டு வெள்ளைக்காரக் கிழவி கதவைத் திறந்ததுமே கேக்கை வெட்ட ஆரம்பித்துவிட்டாள்.

"நான் என்ன நெனச்சேன்னா, யாரோ செத்துக் கிடக்காங்க, பாயப் போட்டு மூடி வச்சிருக்காங்கன்னு. போலீசுக்குக் காட்டலாம்னுதான் எடுத்தேன்."

"அப்புறம் ஏன் காட்டல?" என்றாள் லாங்கி.

டோரீன் கத்தியைக் கீழே வைத்தாள். "அந்த வீட்டம்மா பாய எடுத்தாங்க. உள்ள ஒரு ஆளு அழுதுட்டிருந்தாரு. இவங்க அவரக் கட்டிப் பிடிச்சுக்கிட்டாங்க. எனக்கு வெக்கமாப் போச்சு, இதப் போய்ப் படம் புடிச்சோமேன்னு. அழிச்சிடலாம்னு பாத்தேன். எப்படி அழிக்கறதுன்னு தெரியல."

"நல்லவேளை, பேரன் பேத்தி யாரும் சொல்லித் தரல," என்றான் ஃபிலிப்போ, கேக்கை வாயில் அடைத்துக்கொண்டு.

படம் ஆடியது. மழைச் சத்தம். சாம்பல் வெளிச்சத்தில் ஈரப் புல்மேல் பாய் மூடிய ஓர் உருவம். படிக்கட்டில் செஃபினா, அவளுக்குப் பின்னால் தானியேலு, வாசலில் உறவுக்காரர்கள். பாய்க்கு உள்ளிருந்து ஔகுசோவின் குரல் வந்தது. அந்த வீட்டுக் குலப் பட்டங்களைச் சொல்லி, செத்தவர் பெருமையைச் சொல்லி, கடவுளைச் சொல்லி, கடைசியில் ஒரு வாக்கியம்.

லாங்கி நிறுத்தினாள். திரும்பப் போட்டாள். மறுபடியும் நிறுத்தினாள்.

"என்னக்கா? 'நம்ம தப்பு'ன்னு சொல்றாரு. எங்க குடும்பத்துத் தப்புங்கறாரு. எப்பவும் சொல்றதுதானே?"

"என்ன வார்த்தை சொன்னாரு?"

"தாஉவா."

"எங்க குடும்பம்னா அதுவாடா?"

ஃபிலிப்போவின் மெல்லும் வாய் நின்றது. இந்த ஊரிலேயே வளர்ந்த அவனுக்குச் சமோவா மொழி எப்போதும் கண்ணாமூச்சிதான். நமக்கு 'நாம்', 'நாங்கள்' என்று இரண்டு இருந்தே தடுமாறுகிறவர்கள் உண்டு. அவர்களுக்கு இரண்டே பேர் என்றால் அதற்குத் தனிச் சொல். அந்த இரண்டு பேரில் கேட்கிறவர் சேர்ந்தால் 'தாஉவா', சேராவிட்டால் 'மாஉவா'. பெண் கேட்கப் போன வீட்டில் வருங்கால மாமனாரின் முகத்தைப் பார்த்து, 'நாங்க ரெண்டு பேரும் கல்யாணம் பண்ணிக்கறோம்' என்பதற்குப் பதிலாக, 'நீங்களும் நானும் கல்யாணம் பண்ணிக்கலாம்' என்று சொல்லிவிட்டு வந்தவன் அவன். 'வீட்டுல ஒரு வார்த்தை கேட்டுச் சொல்றேன்' என்றாராம் மாமனார்.

"அவரு வாய் தவறிச் சொல்லியிருப்பாரு," என்றான் மெதுவாக.

"ஊர்ச் சபையில பேசறதுக்குன்னே பட்டம் வாங்கின மனுஷன். தூக்கத்துல கூட வார்த்தை தவறாது." லாங்கியின் குரல் இறங்கியிருந்தது. "குடும்பம்னா வேற சொல்லு. இது 'நம்ம ரெண்டு பேரு தப்பு'. நானும், கேட்டுட்டிருக்கிற நீயும்."

"நீன்னா யாரு? எதிர்ல நிக்கறது செஃபினா அம்மா. அவங்களுக்குக் கார் ஓட்டவே தெரியாதே."

லாங்கி படத்தை ஓடவிட்டாள். அந்தச் சொல் விழுந்ததும் வாசலில் இருந்த அத்தனை பேரும் பாயைப் பார்த்தார்கள். செஃபினா பார்க்கவில்லை. அவள் திரும்பித் தன் மகனைப் பார்த்தாள். தானியேலு வீட்டுக்குள் போய்விட்டான். அதன் பிறகுதான் அவள் படியிறங்கி வந்து பாயை எடுத்தாள்.

ஃபிலிப்போ கேக் தட்டைத் தள்ளி வைத்தான். தானியேலுவும் அவனும் சர்ச்சில் ஒரே வரிசையில் நின்று பாடுகிறவர்கள். அடித்த கார் ஔகுசோவுடையது. அடித்தவன் சாட்சி சொன்னவன். அடிபட்டவர் அவனைப் பெற்றவர்.

"வேண்டாம்க்கா. இது நமக்குத் தெரிய வேண்டாம்," என்றான். உண்மையாகவே சொன்னான்.

"தெரிஞ்சு போச்சே," என்றாள் லாங்கி, எழுந்தபடி.

வேலியைச் சுற்றி அடுத்த வாசலுக்குப் போனார்கள். செஃபினா நாளைய சர்ச்சுக்கான வெள்ளை உடைகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். உட்காரச் சொன்னாள். கோகோ போடட்டுமா என்று கேட்டாள்.

"அம்மா, அன்னிக்குப் பாய எடுக்கறதுக்கு முன்னாடி ஏன் பின்னால திரும்பிப் பாத்தீங்க?"

இஸ்திரிப் பெட்டி சட்டைமேல் அப்படியே நின்றது. துணி தீயும் வாசனை வரவே, ஃபிலிப்போதான் எட்டிப் போய்ப் பெட்டியை நிமிர்த்தி வைத்தான்.

"எனக்கு வயசாயிடுச்சுன்னு எல்லாரும் நெனக்கறாங்க," என்றாள் செஃபினா. "காது நல்லாத்தான் கேக்குது."

"அப்பவே தெரியுமா?"

"அந்த வார்த்தை வந்துச்சு. இவன் உள்ள போனான். போதாதா?" அவள் தீய்ந்த சட்டையை மடிக்க ஆரம்பித்தாள், அது நல்ல சட்டை என்பது போல. "அங்க புருஷனுக்குக் குழி வெட்டிட்டிருக்காங்க. பையனுக்கும் சேத்து வெட்டச் சொல்லட்டுமா? சொல்லு, நீயும் புள்ள பெத்தவதானே."

விசாரணை அறையில் கொலைகாரர்களைப் பேச வைத்த லாங்கி, அன்றைக்குத் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"இவன் எழுதிப் போட்டது எனக்குத் தெரியாது," என்றாள் செஃபினா. "அவரப் பிடிச்சுட்டுப் போனப்புறம்தான் தெரிஞ்சுது. அன்னிலேருந்து மாலியா வீட்டுப் பக்கம் போகக் காலு வரல."

வெளியே கேட் திறந்தது. இறைச்சித் தொழிற்சாலை பூட்ஸைக் கழற்றிப் போட்டுவிட்டு தானியேலு உள்ளே வந்தான். ஃபிலிப்போவைப் பார்த்து, "என்னடா, பாட்டுப் பயிற்சிக்கு மட்டம் போட்டுட்டு எங்க வீட்டுல கோகோ குடிக்கிறியா?" என்றான். பிறகு லாங்கியைப் பார்த்தான். அம்மாவைப் பார்த்தான்.

லாங்கி படத்தைப் போட்டாள். படம் தேவைப்படவில்லை, குரலே போதும். அந்தச் சொல் வந்ததும் தானியேலு சுவரைப் பிடித்துக்கொண்டான்.

"ஏன்டா எழுதின?" என்றான் ஃபிலிப்போ. கேட்க வேண்டியது லாங்கி. ஆனால் அவன் வாய் முந்திவிட்டது. "உனக்காகத் தலை குனிஞ்சாரே. அவர எதுக்குடா மாட்டிவிட்ட?"

"ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் பக்கத்துல இடம் போட்டு வைப்பாரு." தானியேலு யாரையும் பார்க்காமல் பேசினான். "'வாப்பா உக்காரு'ம்பாரு. ஒரு நாளாவது மொறைச்சிருக்கலாம். திட்டியிருக்கலாம். அந்த மூஞ்சியில கோவமே இல்லடா. மூணு வருஷம். என்னால முடியல. அவரு எங்கயாவது போயிட்டாப் போதும்னு எழுதிட்டேன்."

"அன்னிக்கு என்ன நடந்துச்சு?" லாங்கியின் குரல் அதட்டலாக இல்லை.

"அவரு வீட்டுல விருந்து. குடிச்சிருந்தேன். சாவி கேட்டேன். தயங்கினாரு, அப்புறம் கொடுத்துட்டாரு. மழை கொட்டுச்சு. ஏதோ மோதிச்சு." அவன் சுவரிலிருந்து கையை எடுத்தான். "நாயின்னு நெனச்சேன். திரும்பிப் போயி, 'நாய் ஒண்ண அடிச்சிட்டேன்'னு அவருகிட்ட சாவியக் கொடுத்தேன். அவருதான் டார்ச்ச எடுத்துட்டுப் போய்ப் பாத்தாரு."

செஃபினாவுக்கு அந்த நாய் விஷயம் தெரியாது என்பது அவள் உட்கார்ந்த விதத்திலேயே தெரிந்தது. ஃபிலிப்போ வெளியே போய்விடலாமா என்று பார்த்தான். கண்ணில் நீர் வந்தது, துடைத்துக்கொள்ள வெட்கமாகவும் இல்லை.

"அம்மா, உனக்குத் தெரியுமா? அப்பவே தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சுதான் எனக்கு தினமும் சமைச்சுப் போட்டியா?"

"வேலை முடிஞ்சு பசியோட வருவியே," என்றாள் செஃபினா. "பின்ன என்ன பண்ணச் சொல்ற?"

தானியேலு தரையில் உட்கார்ந்து அம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். முப்பது வயது ஆள், மாட்டுத் தொடையை ஒற்றைக் கையால் தூக்குகிறவன். அவன் முதுகு குலுங்கியது. அவள் அவன் தலையில் கை வைக்கவும் இல்லை, தள்ளவும் இல்லை. வெகுநேரம் கழித்துத்தான் கை இறங்கியது.

"திங்கக்கிழமை போய்ச் சொல்லு," என்றாள்.

"போனா வர மாட்டேம்மா. முதல்ல ஜெயிலு. வெளிய வந்தா இதே நன்னடத்தை, இதே மறுப்பு. எனக்கும் விசாதானே. கைக்குழந்தையா வந்தேன், அங்க எனக்கு யாரத் தெரியும்?"

"தெரியும்டா. எல்லாம் தெரிஞ்சுதான் சொல்றேன்."

திங்கட்கிழமை அவன் போய்ச் சொன்னான். வெள்ளைச் சட்டையில் நின்று, நாய் என்று நினைத்தது வரை சொன்னான். மூக்குக் கண்ணாடி போட்ட, தீர்ப்பு எழுத வேண்டிய மன்ற உறுப்பினர் அம்மாள், எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

அவள் ஔகுசோவைப் பார்த்துக் கேட்டாள், "இது உண்மையா?"

ஆமாம் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தால் கதை சுபம். அவருடைய வக்கீல் கண்ணால் கெஞ்சினார். ஔகுசோ எழுந்து நின்றார்.

"உண்மை. ஆனா பாதிதான். குடிச்சிருக்கான்னு தெரிஞ்சே சாவியக் கொடுத்தது நான். அதுக்கு யாரும் என்னைக் கேக்கல. தப்பு எங்க ரெண்டு பேருதும்."

"இந்த மனுஷன் தன் கப்பல்ல தானே ஓட்டை போடறாரு," என்று ஃபிலிப்போ லாங்கியின் காதில் முணுமுணுத்தான்.

தீர்ப்பு வர அந்த வாரம் முழுவதும் ஆயிற்று. சாவி கொடுத்தது தவறு, மறைத்தது அதைவிடப் பெரிய தவறு. ஆனாலும் தனக்குக் கேடாகவே முடியும் என்று தெரிந்தும் உண்மையைச் சொல்கிற ஒருவரை நடத்தை கெட்டவர் என்று இந்த நாட்டிலிருந்து அனுப்ப முடியாது என்று அந்த அம்மாள் எழுதியிருந்தாள். மறுப்பு ரத்து. அதற்குள் தானியேலுவைப் போலீஸ் அழைத்துப் போய்விட்டிருந்தது. ஜாமீன் கேட்க வேண்டாம் என்று அவனே சொல்லிவிட்டான்.

ஔகுசோவை அழைத்து வர வேன் போனபோது, தானும் வருகிறேன் என்று செஃபினா ஏறி உட்கார்ந்தாள். வழி நெடுக ஃபிலிப்போ ஒரு கிண்டல்கூடச் செய்யவில்லை. லாங்கி இரண்டு முறை அவனைத் திரும்பிப் பார்த்தாள்.

தடுப்பு மையத்தின் கேட்டைத் தாண்டி ஔகுசோ ஒரு பையுடன் வந்தார். மெலிந்திருந்தார். வேனுக்குள் செஃபினா இருப்பதைப் பார்த்ததும் நின்றுவிட்டார். பையைத் தரையில் வைத்தார்.

"அக்கா," என்றார். "அவன நான் காப்பாத்தல. மூணு வருஷம் வாய மூடிட்டிருந்தேன், அதுவும் வீணாப் போச்சு. உன்கிட்ட எந்த மூஞ்சியோட…"

செஃபினா நகர்ந்து, பக்கத்து இருக்கையில் அவருக்கு இடம் விட்டாள்.

"ஏறு. மாலியா உனக்காகக் காத்துட்டிருக்கா," என்றாள். "ரெண்டு பேர்ல ஒருத்தனாவது வீட்டுக்குப் போங்க."